இலை போடாத டீ

கண்ணு,

நேற்று மத்தியானம் நீ ஆபீசில் இருந்த நேரம் ஷீபா எனக்குப் போன் பண்ணினாள். உன்னைப் பற்றிக் கோள் சொல்ல இல்லை, அந்தப் பெண்ணுக்கு அது வராது. சாப்பிட்டீங்களா மாமா, மலைமேல் அரவேணுவில் மழையா, முழங்கால் வலி எப்படி என்றெல்லாம் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டுக் கடைசியில் மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். முதல் தடவை கீமோ மருந்து ஏற்றினதிலிருந்து வாயெல்லாம் இரும்பாக இருக்கிறதாம். பச்சைத் தண்ணீர் குடித்தால்கூட ஆணியைச் சப்பின மாதிரி இருக்கிறதாம். முந்தாநாள் நீ போட்டுக் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு வாஷ்பேசினில் துப்பியிருக்கிறாள். துப்பிவிட்டு, "உங்க ஊட்டுக்கு வாக்கப்பட்டதுக்கு இப்பத்தான் தொழில் கைக்கு வந்திருக்குங்க, மாமா மாதிரியே உறிஞ்சித் துப்பறேன் பாருங்க" என்று உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நீ சிரிக்கவில்லை. டம்ளரை வாங்கி வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயாம். இதைச் சொல்லி முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "மாமா, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டனுங்களா?"

எப்படி இருக்கிறது பார் நியாயம். உடம்பில் மருந்தை வாங்கிக்கொண்டு கிடப்பவள், தான் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாள். உன்மேல் வந்த கோபத்துக்கு அப்போதே மேட்டுப்பாளையம் பஸ் ஏறி இறங்கி வந்து உன் காதைத் திருகியிருப்பேன். ஏறவில்லை. ஏனென்றால் நீ எதை நினைத்துக்கொண்டு எழுந்து போனாய் என்று எனக்குத் தெரியும். போனில் சொன்னால் "ம்ம், சரிங்கப்பா" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய், சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை ஷீபாவிடமும் கொடு, ஒளிக்காதே. அவள் உன் அம்மாவைப் பார்த்ததில்லை. அவளும் படிப்பாள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்.

ஷீபா, உன் மாமனார் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து தலை நரைத்தவன். பச்சை இலை வருவதிலிருந்து தூள் மூட்டையாகி, லாட் லாட்டாகக் குன்னூர் ஏலத்துக்குப் போகிறவரை எல்லாவற்றுக்கும் டீ மேக்கர்தான் பொறுப்பு. தினமும் காலையில் அன்றைய தூளைச் சுவை பார்க்க வேண்டும். மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் கப்பில் கொஞ்சம் தூளைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடி வைத்து, இறங்கின டீயைக் கிண்ணத்தில் வடித்து, வெந்த இலையைக் கவிழ்த்த மூடியின்மேல் தட்டி வைத்து நிறம் பார்க்க வேண்டும். அப்புறம் ஸ்பூனில் எடுத்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. துப்பின பிறகு தீர்ப்பு. பிரிஸ்க் என்றால் நாக்கில் சுறுசுறுப்பு இருக்கிறது, பாடி இருக்கிறது என்றால் கனம் இருக்கிறது, ஃபிளாட் என்றால் செத்துப்போன டீ. இந்தப் பழக்கம் வீட்டிலும் என்னை விடவில்லை. சாம்பாரையும் உறிஞ்சுவேன், இருமல் மருந்தையும் உறிஞ்சுவேன். கல்யாணமான புதிதில் உன் அத்தை பக்கத்து வீட்டுக்குக் கேட்கப்போகிறது என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். பால் ஊற்றாத என் டீக்கு அவள் வைத்த பெயர் 'ஃபேக்டரி கழுவுன தண்ணி'.

அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது, கண்ணு, நீ கோயமுத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். ஆபரேஷன் ஆனது, பிறகு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். சிரித்தால் நோய் தாங்கும் என்று யாரோ என்னிடம் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நான் செய்த கோமாளித்தனம் உனக்குத் தெரியாது. போனில் வருகிற ஜோக்கையெல்லாம் சேர்த்து வைத்து, காலையில் ஒன்று சாயந்திரம் ஒன்று என்று மாத்திரை மாதிரி அவள் கட்டில் பக்கத்தில் நின்று படித்தேன். எனக்கு ஜோக் சொல்ல வராது, ஃபேக்டரியில் நான் ஜோக் சொன்னால் ஆட்கள் லீவு கேட்டுவிடுவார்கள். அவள் பாவம், ஒவ்வொன்றுக்கும் பல்லைக் காட்டினாள். ஒருநாள் என் கையிலிருந்து போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "ஏனுங்க, நீங்க ஜோக்கு சொன்னா நான் சிரிச்சாகணும். அதுக்கே எனக்குத் தெம்பு பத்த மாட்டேங்குதுங்க" என்றாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. அவளைச் சிரிக்க வைக்கிறேன் என்று சொல்லி, என்னைச் சமாதானப்படுத்துகிற வேலையையும் அவள் தலையில் ஏற்றியிருக்கிறேன்.

அதோடு ஜோக்கை விட்டேன். சிரிப்பு அப்புறம்தான் வந்தது, அதுவும் அவளிடமிருந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானே மிளகைத் தட்டிப் பூண்டு உரித்து ரசம் வைத்து, ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயில் வைத்ததும் முகம் கோணியது. அவளுக்கு எல்லாமே இரும்பாக இருந்த சமயம், ஷீபாவுக்கு இப்போது இருக்கிற மாதிரியே. கஷ்டப்பட்டு வைத்தேனே என்று எனக்குச் சுருக்கென்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஸ்பூனை எடுத்தாள், நேராக உட்கார்ந்தாள், சர்ரென்று உறிஞ்சினாள். அப்படியே என்னை உரித்து வைத்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள் சுழற்றி, கட்டிலுக்கடியிலிருந்த வாளியில் துப்பிவிட்டு, என் குரலிலேயே சொன்னாள்: "ஃபிளாட். பாடியே இல்லீங்க. இந்த லாட்டைக் குன்னூர் ஏலத்துக்கு அனுப்பாதீங்க, மானம் போயிரும்." நான் கரண்டியோடு நின்று சிரித்தேன் பார், வயிறு வலிக்கிற வரைக்கும். அவளும் தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பண்டமும் தீர்ப்பு இல்லாமல் தப்பவில்லை. கஞ்சி ஓவராக வெந்த டீ, இளநீர் சுமார், டாக்டர் கொடுத்த பவுடர் கலந்த பால் மட்டும் திரும்பத் திரும்ப 'ரிஜெக்ட்'. அவளால் ருசி பார்க்க முடியவில்லை, ருசி பார்க்கிற வேலையை மட்டும் விடவில்லை. எதையும் விழுங்க முடியாதவளுக்கு என் தொழில் தோதாக வந்து அமைந்தது. ஒவ்வொரு தீர்ப்புக்கும் நடுவில் இரண்டு வாய் உள்ளேயும் போனது, அதை நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துகொள்வேன்.

ஆஸ்பத்திரியிலும் இதே கூத்துதான். மருந்து ஏற்றுகிற ஹாலில் வரிசையாகச் சாய்வு நாற்காலி போட்டு, வாந்தி எடுக்க ஆளுக்கொரு சின்னத் தட்டு கொடுத்திருப்பார்கள். உன் அம்மா அந்தத் தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, எச்சில் பாத்திரமெல்லாம் ரெடி, டேஸ்டிங் ரூம் இப்படித்தான் இருக்கும்" என்று பக்கத்து நாற்காலிகளுக்கெல்லாம் வகுப்பு எடுத்தாள். கேன்டீன் டீயை வாங்கிவரச் சொல்லி, எப்படி உறிஞ்சுவது என்று காட்டிக்கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்க சர் சர்ரென்று சத்தம். நர்சம்மா என்னவோ ஏதோவென்று ஓடிவந்து, பார்த்துவிட்டு, திட்ட ஆரம்பித்துப் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அன்னூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், லாரி வைத்து ஓட்டினவர், அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார், சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார். அவரும் ஒரு வாய் உறிஞ்சினார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஏனுங்கம்மா, இது டீயே இல்லீங்க" என்றார். அவர் பெண்டாட்டி அழுதுவிட்டாள். ஊட்டுல பேசியே மாசக்கணக்காச்சுங்க என்று என்னிடம் சொன்னாள். அதன் பிறகு வருகிறபோதெல்லாம் அவரே, "இன்னிக்கு லாட் வந்துருச்சுங்களா?" என்று உன் அம்மாவைக் கேட்பார். பிறகு ஒரு தடவை நாங்கள் போனபோது அந்த நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். உன் அம்மா நர்சைப் பார்த்தாள், நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். நான் வழக்கம்போல் டீ வாங்க எழுந்தேன். "இன்னிக்கு வேண்டாங்க" என்றாள். மருந்து ஏற்றி முடிந்ததும் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்த ஜனத்தை அவள் சமாளித்ததும் இப்படித்தான். சபைப் பெண்கள் ஜெபம் பண்ண வந்தார்கள். நல்ல மனசு, ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஒருநாள் உணர்ச்சி மிகுதியில், அடக்க ஆராதனையில் பாடுகிற பாட்டை எடுத்துவிட்டார்கள். முதல் அடி முடிகிறவரை யாருக்கும் உறைக்கவில்லை. உன் அம்மா போர்வைக்குள்ளிருந்து கையைத் தூக்கினாள். "அக்கா, இது நான் கேக்க முடியாதப்பப் பாடற பாட்டுங்களே" என்றாள். முதலில் சிரித்தது போதகர் மனைவி ஐயரம்மாதான், அப்புறம் அத்தனை பேரும். கடைசியில் ஆடி மாதக் காற்றில் கிறிஸ்துமஸ் பாட்டாகப் பாடிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு ஃபேக்டரியில் தூளைச் சலித்துத் தரம் பிரிக்கிற மாதிரி, வந்த ஆட்களுக்கெல்லாம் கிரேடு போடுவாள். வந்த உடனே பொலபொலவென்று கொட்டுகிறவர்கள் டஸ்ட், கலர் சீக்கிரம் இறங்கிவிடும். கேள்வி கேட்காமல் பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போகிற மேல்வீட்டு எஸ்தர் அக்கா மட்டும் முழு இலை, முதல் தரம். நான் என்ன கிரேடு என்று கேட்டேன். "நீங்க இன்னும் சலிக்கவே இல்லீங்க" என்றாள்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். நீ பாதியில் வந்து பாதியில் போன காலை.

நோய் திரும்பிவிட்டது, ஈரலுக்குப் போயிருக்கிறது என்று கோயமுத்தூரில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவளும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் விடிந்து, எப்போதும்போல அடுப்படிக்குப் போனேன். ஃபேக்டரியில் கழித்துப் போட்ட, விளிம்பு உடைந்த டேஸ்டிங் கப் இரண்டு நம் வீட்டில் இருந்ததே, அதில்தான் அவளுக்கும் எனக்கும் காலை டீ. தண்ணீரைக் கொதிக்க வைத்தேன், ஊற்றினேன், மூடினேன், நேரம் பார்த்து நின்றேன், வடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஸ்பூனை எடுத்தாள், உறிஞ்சினாள், சுழற்றினாள். துப்பவில்லை. விழுங்கினாள். இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். வெகுநேரம் என்னைப் பார்த்தாள். "இத்தனை வருசமா நீங்க போட்ட டீயிலயே, இது ஒன்னுலதாங்க ஒரு குத்தமும் சொல்ல முடியல" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெந்த இலையின் நிறத்தைப் பார்க்க மூடியைத் திருப்பினேன். மூடியில் இலை இல்லை. கப்புக்குள்ளும் இல்லை. கிண்ணத்தில் இருந்தது வெறும் சுடுதண்ணீர். ஆயுசெல்லாம் டீ போட்டவன், கண்ணு, அன்றைக்கு டீயே போடவில்லை. தூள் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

நான் எவ்வளவு பயந்துபோயிருக்கிறேன் என்று நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்தச் சுடுதண்ணீர் சொல்லிவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுதிருக்கலாம். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தோம். அழுகை எங்கே தொடங்கியது, சிரிப்பு எங்கே முடிந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில்தான், முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, தோளில் பையோடு, குளிரில் மூக்குச் சிவந்து நீ வாசலில் நின்றாய்.

நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அம்மா சாகப்போறாங்க. உங்களுக்குச் சிரிப்பு வருதாப்பா?" உன்மேல் தப்பே இல்லை. அந்த வயதில் நானாக இருந்தால் கப்பைச் சுவரில் அடித்திருப்பேன். அவள் கையிலிருந்த கிண்ணத்தை உன்னிடம் நீட்டி, "வா கண்ணு, ஒரு வாய் குடிச்சுப் பாரு" என்றாள். நீ வாங்கினாய். குடிக்கவில்லை. ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். இது எதனால் வந்த சிரிப்பு என்று உனக்குச் சொல்லலாம் என்றுதான் கதவு வரைக்கும் வந்தேன். அழுகிற பிள்ளையிடம் கதவுக்கு வெளியே நின்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அப்புறம் அவளைப் பார்த்துக்கொள்கிற நாட்கள் வந்துவிட்டன. உறைபனி விழுகிற மாதம், நல்ல வாசனை இலை வருகிற காலம், அதில் அவள் போனாள். உன் அம்மாவும் அப்பாவும் உண்மையைப் பார்க்கப் பயந்து சிரித்தார்கள் என்று நீ இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். உண்மையைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தோம் கண்ணு. தனியாகப் பார்க்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

சிரிப்பு அவளைக் காப்பாற்றியது என்று நான் உன்னிடம் கதை விடமாட்டேன். காப்பாற்றவில்லை. ஒருநாள்கூடக் கூட்டிக் கொடுத்திருக்காது. ஆனால் இருந்த நாளில் அவள் நோயாளியாக மட்டும் இருக்கவில்லை. என்னைக் கிண்டல் பண்ணுகிற என் பெண்டாட்டியாகவே இருந்தாள். இன்றைக்கு அவளை நினைத்தால் எனக்கு ஆஸ்பத்திரி வாசனை முதலில் வருவதில்லை, அந்த சர்ரென்ற சத்தம்தான் வருகிறது. ஷீபா உன் அம்மா இல்லை, அதையும் புரிந்துகொள். அவளுக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாகிவிட்டது, டாக்டர் தைரியமாகப் பேசுகிறார், எனக்கும் நம்பிக்கை இருக்கிறது. நீ அவள் முகத்தில் உன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நடுங்குகிறாய். அவளோ உன் முகத்தைப் பார்த்துத் தனக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள். நீ கதவைச் சாத்தினால் அவள் என்ன நினைப்பாள்? நீ அவளுக்கு ஜோக் சொல்ல வேண்டாம், தயவுசெய்து சொல்லாதே, நீயும் என் பிள்ளைதான், உனக்கும் வராது. அவள் சொல்கிறபோது பக்கத்தில் இரு. சிரிப்பு வந்தால் சிரி. அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழு. அவள் 'இன்னிக்கு வேண்டாங்க' என்றால் அதையும் கேட்டுக்கொள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நல்ல தூளாகக் கொஞ்சமும், அந்த விளிம்பு உடைந்த கப் இரண்டையும் துணியில் சுற்றி எடுத்து வருகிறேன். அடுத்த மருந்து ஏற்றும்போது நானும் கூட வந்து உட்காருகிறேன். ஆனால் நான் வருகிறவரை காத்திருக்காதே.

ஒன்று மட்டும் பாக்கி. அன்றைக்கு நீ அறைக்குள் போன பிறகு, ஜன்னல் கட்டையில் இருந்த அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கொட்டப்போனேன். உன் அம்மா விடவில்லை. "கொட்டாதீங்க. மூடி வைங்க. அவன் வந்து குடிப்பான்" என்றாள். மூடி வைத்தேன். சாயந்திரம் ஆறிப்போய்க் கிடந்தது, நீ வரவில்லை, அவள் தூங்கின பிறகு கொட்டினேன். முந்தாநாள் ஷீபா அந்தச் சிரிப்பில் உன்னிடம் நீட்டினதும் அதே கிண்ணம்தான் கண்ணு. பால்கனிக் கதவைத் திற. உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சிக் குடி.

அப்பா